கூகுள் மீதான அபராதத்தில் கோத்தகிரிக்குப் பங்கு வருமா?

கேள்வி: நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) வசிக்கிறேன். தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கும் காட்டெருமைகளை, செடிக்குச் சேதமில்லாமல் காட்டுக்குத் திருப்பி அனுப்பும் கைப்பேசி விளையாட்டு ஒன்றைத் தனியாளாக உருவாக்கிப் பிளே ஸ்டோரில் வைத்திருக்கிறேன். ஆட்டத்துக்கான நாணயங்களை விற்பதில் மாதம் சுமார் 40,000 ரூபாய் வருகிறது. அதில் 15 சதவீதத்தைக் கூகுள் பிடித்துக்கொள்கிறது. கூகுளுக்கு விதித்த அபராதத்தில் எங்களைப் போன்றவர்களுக்குப் பங்கு உண்டு என்றும், கூட்டு வழக்கில் சேர 25,000 ரூபாயும், செயலியை வெளியிட நான் பயன்படுத்தும் டெவலப்பர் கணக்கின் கடவுச்சொல்லும் வேண்டும் என்றும் கோயம்புத்தூர் ஆலோசகர் ஒருவர் கேட்கிறார். 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். இனி ஆட்டத்துக்குள் என் யுபிஐ க்யூஆர் கோடையே வைத்துப் பணம் வாங்கலாம், கூகுளால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். செய்யலாமா? அம்மா வீட்டில் செய்யும் சாக்லேட்டையும் இதே செயலியில் விற்க ஆசை.

பதில்: மீதி 20,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கடவுச்சொல்லைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். க்யூஆர் கோடு யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

அபராதம் விதித்தது உண்மைதான். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 25 அன்று, பிளே ஸ்டோரின் கட்டண முறை தொடர்பாகக் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தன் கட்டண முறையை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று செயலி உருவாக்குபவர்களைக் கட்டாயப்படுத்தியது ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகும் என்பது ஆணையத்தின் முடிவு. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த முடிவின் ஒரு பகுதியை ஏற்று, தொகையை 216.69 கோடியாகக் குறைத்தது. வழக்கு அதன்பின் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. ஆனால் அபராதம் என்பது அரசின் கருவூலத்துக்குப் போகும் பணம். அதில் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடப் பங்கு கிடையாது. பங்கு வாங்கித் தருவதாக யார் சொன்னாலும், அவர் ஒன்று சட்டம் தெரியாதவர், அல்லது உங்களுக்குத் தெரியாது என்பதை நம்பிப் பேசுபவர்.

இழப்பீடு என்பது வேறு. போட்டிச் சட்டத்தின் 53என் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக விண்ணப்பித்துக் கேட்கலாம். பலர் சேர்ந்தும் கேட்கலாம். ஆனால் கூகுள் தவறு செய்தது என்ற முடிவு உச்ச நீதிமன்றத்தில் நிலைத்து நிற்க வேண்டும். அதன்பிறகும் உங்கள் இழப்பு எவ்வளவு என்பதைக் கணக்கோடு நீங்கள்தான் காட்ட வேண்டும். இன்று 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அதை வாங்கித் தர ஒருவராலும் முடியாது.

இந்த ஆலோசகர்கள் அமெரிக்கச் செய்தித் துணுக்குகளைக் கைப்பேசியில் காட்டுவார்கள். செயலி உருவாக்குபவர்களுக்காக 2021இல் ஆப்பிள் 10 கோடி டாலருக்கும், 2022இல் கூகுள் 9 கோடி டாலருக்கும் சமரசம் செய்துகொண்டது உண்மை. இரண்டுமே அமெரிக்காவில் உள்ள சிறு உருவாக்குநர்களுக்கானவை. அந்தச் செய்தியைக் காட்டி நீலகிரியில் பணம் வசூலிப்பது பச்சை மோசடி.

கடவுச்சொல்லை எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசித்தீர்களா? வழக்குப் போட வருமான அறிக்கை போதும். அதை நீங்களே பதிவிறக்கிக் கொடுக்கலாம். நன்னடத்தை உள்ள பழைய டெவலப்பர் கணக்குக்குச் சந்தையில் விலை இருக்கிறது. புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர், குறைந்தது 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதித்துக் காட்டிய பிறகே ஆட்டத்தை வெளியிட முடியும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க உங்கள் கணக்கில் தங்கள் குப்பைச் செயலிகளை ஏற்றுவார்கள். அது பிடிபட்டால் கணக்கு முடக்கப்படும். அதோடு தொடர்புடையது என்று கருதப்படும் உங்கள் மற்றக் கணக்குகளும் போகும். எங்கள் ஊரில் பச்சை இலை எடை போடும்போது ஈரத்துக்கென்று கழித்தால் நின்று சண்டை போடுகிறோம். இங்கே தோட்டத்துப் பட்டாவையே முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கத் துணிகிறோம். நிறுவனக் கணக்குக்குத் தேவைப்படும் டன்ஸ் எண் என்ற நிறுவன அடையாள எண்ணைக்கூட ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். அந்த எண் இலவசம். முடக்கிய கணக்குக்கு மேல்முறையீடு செய்யும் படிவமும் இலவசம். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை. பணத்தை இழந்தபிறகே என்னிடம் வருகிறார்களே என்பதுதான் வருத்தம்.

இனி க்யூஆர் கோடு. இதே வேலையைச் செய்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. ஃபோர்ட்நைட் விளையாட்டை உருவாக்கிய எபிக் நிறுவனம் 2020 ஆகஸ்ட் 13 அன்று ஆட்டத்துக்குள் தன் சொந்தக் கட்டண வழியைத் திறந்தது. அன்றே ஆப்பிளும் கூகுளும் அதைத் தங்கள் கடைகளிலிருந்து நீக்கின. அமெரிக்க ஐபோன்களுக்கு அந்த ஆட்டம் திரும்பியது 2025 மே மாதம். கூகுளுக்கு எதிராக எபிக் வென்றது. ஆனால் ஆப்பிளுக்கு எதிரான 2021 தீர்ப்பு, ஒப்பந்தத்தை மீறியதற்காக எபிக் ஆப்பிளுக்குப் பணம் கட்ட வேண்டும் என்றும் சொன்னது. கடைக்காரரின் விதி தவறு என்று வாதிடலாம். அந்த வாதம் முடியும்வரை விதியை மீறினால் கடையிலிருந்து வெளியே போக வேண்டியதுதான். எபிக்கிடம் ஐந்தாண்டு காத்திருக்கப் பணம் இருந்தது. உங்களிடம் மாதம் 34,000 ரூபாய் இருக்கிறது. அதைப் பணயம் வைக்காதீர்கள்.

சட்டப்படி ஒரு வழி உண்டு. ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகு, 2023 தொடக்கத்தில், வாடிக்கையாளர் கூகுளின் கட்டண முறையையோ உங்களுடையதையோ தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டை இந்தியாவில் விளையாட்டுகளுக்கும் கூகுள் திறந்தது. உங்கள் வழியில் பணம் வந்தால் கமிஷனில் 4 புள்ளி குறையும்: 15 என்பது 11 ஆகும். எல்லோரும் உங்கள் வழியையே தேர்ந்தெடுத்தாலும் மாதம் 1,600 ரூபாய் மிச்சம். பணத்தை வசூலித்துத் தரும் கட்டண நுழைவாயில் நிறுவனம் 2 சதவீதம் கேட்டால் அதில் 800 போய்விடும். ஒவ்வொரு பரிவர்த்தனையையும் கூகுளுக்குத் தெரிவிக்கும் வேலை தனி. இத்தனை ஆண்டுப் போராட்டத்தில் கோத்தகிரி இளைஞர் ஒருவர் கையில் மிஞ்சுவது மாதம் 800 ரூபாய்! சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன நிறுவனங்களிடம், 2023இல், இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்று சொல்லி வழக்குகள் தள்ளுபடியாயின. ஆணையம் சொன்னது தீர்ப்பாயத்துக்குப் போனது, அங்கிருந்து உச்ச நீதிமன்றம். இப்படிப்பட்ட பெரிய நிறுவனங்களை முன்கூட்டியே கட்டுப்படுத்த 2024 மார்ச்சில் ஒரு வரைவு மசோதா வெளியானது, அது சட்டமாகவில்லை. பெரிய நிறுவனத்துக்கு இந்தத் தாமதமே லாபம். சிறியவருக்கு ஒவ்வொரு மாதமும் நட்டம்.

அம்மாவின் சாக்லேட்டுக்கு வருகிறேன். இங்கேதான் நல்ல செய்தி. கையால் தொட்டு வாங்கும் பொருளுக்குக் கூகுளின் கட்டண முறை கிடையாது. அதைப் பயன்படுத்தவே கூடாது என்பதுதான் விதி. சாக்லேட் பெட்டி கூரியரில் போகிறதா? யுபிஐயில் வாங்கலாம், கமிஷன் இல்லை. கோடநாடு காட்சிமுனைக்கு ஜீப் பயணமா? கமிஷன் இல்லை. தங்கும் விடுதி அறையா? இல்லை. காட்டெருமைப் படத்தை அச்சிட்டு அஞ்சலில் அனுப்புகிறீர்களா? இல்லை. அதே படத்தைக் கைப்பேசித் திரைப்பின்னணியாக விற்கிறீர்களா? உண்டு. நாணயம், கூடுதல் உயிர், புதிய கட்டம் எல்லாவற்றுக்கும் உண்டு. செயலிக்குள்ளேயே கிடைத்து அங்கேயே பயன்படுவதற்குக் கமிஷன். வீட்டு வாசலுக்கு வருவதற்கு இல்லை. ஆனால் ‘சாக்லேட் வாங்கினால் 500 நாணயம் இலவசம்’ என்று இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். நாணயத்தைப் பொட்டலத்தில் மறைத்து விற்கிறீர்கள் என்ற சந்தேகம் வந்தால் ஆட்டமே போகும். என் யோசனை: சாக்லேட்டுக்குத் தனிச் செயலி வைத்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவையும் முதலில் எடுத்துவிடுங்கள்.

கொடுத்த 5,000 ரூபாயைத் திருப்பித் தரும்படி வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள். மறுத்தால், பணம் அனுப்பிய பதிவோடு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். கணக்கில் அவருக்கு ஏதேனும் அனுமதி கொடுத்திருந்தால், இன்றிரவே அதை நீக்கி, கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.