போட்டிக்குத் தயங்கும் பெண் பிள்ளைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஆறாம் வகுப்பில் வினாடி வினா என்றால் முண்டியடித்துக்கொண்டு பெயர் கொடுக்கிற பெண் பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் ஒதுங்கிவிடுகிறார்கள். மதிப்பெண்ணில் குறைவில்லை. போட்டி என்றால்தான் பின்வாங்குகிறார்கள். "அது ஹார்மோன் டீச்சர், நாம ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறார் உடன் பணியாற்றும் ஒருவர். இதை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? என் பள்ளியிலேயே பார்க்க வழி உண்டா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

"மதிப்பெண்ணில் குறைவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். திறமை வேறு, போட்டிக்கு வரச் சம்மதிப்பது வேறு. இரண்டையும் பிரித்து அளந்தவர்கள் பொருளியலாளர்களான முரியல் நீடெர்லேயும் லிஸ் வெஸ்டர்லண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 40 ஆண்கள், 40 பெண்களுக்கு ஐந்து நிமிடம் கொடுத்து, ஈரிலக்க எண்கள் ஐந்தைக் கூட்டும் கணக்குகளைப் போடச் சொன்னார்கள். இரு பாலாரும் ஏறக்குறைய ஒரே அளவு சரியாகப் போட்டார்கள். பிறகு ஒரு தேர்வு: சரியான கணக்குக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொள்ளலாம், அல்லது நால்வர் குழுவில் முதலாவதாக வந்தால் மட்டும் நான்கு மடங்கு. போட்டியைத் தேர்ந்தவர்கள் ஆண்களில் 73 சதவீதம், பெண்களில் 35 சதவீதம். குழுவில் தானே முதல் என்று நம்பியவர்கள் ஆண்களில் 75 சதவீதம், பெண்களில் 43 சதவீதம். நால்வரில் ஒருவர்தானே முதலாக முடியும்? அப்படியானால் இரு பாலாரும் தங்களைக் கூட்டித்தான் மதித்திருக்கிறார்கள், ஆண்கள் மிக அதிகமாக.

2007-ல் வெளியான இந்த ஆய்வு வேறுபாட்டைக் காட்டியதே தவிர, அது எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. அதற்குக் குடும்ப விதியே மாறியிருக்கும் ஊர் வேண்டும். யூரி நீஸி, கென்னத் லியனார்ட், ஜான் லிஸ்ட் ஆகிய பொருளியலாளர்கள் மூவரும் தான்சானியாவின் மாசாய் மக்களிடமும் மேகாலயாவின் காஸி மக்களிடமும் போனார்கள். மாசாய் சமூகம் முழுக்க ஆண்வழி. காஸிகளிடம் குலப்பெயர் தாயிடமிருந்து வருகிறது. பூர்வீக வீடு 'கா கத்தூ' எனப்படும் கடைசி மகளுக்கு. அவளை மணந்தவர் அவள் வீட்டுக்கு வந்து வாழ்கிறார்.

சோதனை மிக எளியது. மூன்று மீட்டர் தள்ளி ஒரு வாளி. டென்னிஸ் பந்தைக் கையைத் தாழ்த்தி வீச வேண்டும், பத்து முறை. விழுந்த பந்துக்கு இவ்வளவு என்று வாங்கலாம், அல்லது கட்டடத்தின் மறுபக்கம் வீசும் முகம் தெரியாத ஒருவரோடு போட்டியிட்டு, ஜெயித்தால் மூன்று மடங்கு வாங்கலாம். மாசாய் ஆண்களில் 50 சதவீதம், பெண்களில் 26 சதவீதம் போட்டியைத் தேர்ந்தார்கள். காஸிகளிடம் பெண்கள் 54, ஆண்கள் 39. 2009-ல் வந்த முடிவு இது.

ஆனால் இதை வைத்து உங்கள் சக ஆசிரியரிடம் வாதாடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். மாசாய்க்கும் காஸிக்கும் மண், தொழில், மதம் எல்லாமே வேறு. இந்த வேறுபாடு தாய்வழியால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? அவரிடம் சொல்ல வேண்டியது இதற்குப் பின் வந்த ஆய்வு. காஸிகளின் அண்டைவாசிகளான கார்பி மக்கள் தந்தைவழியினர். இந்த இரு மக்களின் 7 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் போட்டி விருப்பத்தை அளந்தார்கள். தாய்வழி ஊர்களில் எந்த வயதிலும் ஆண், பெண் வேறுபாடு தென்படவில்லை. தந்தைவழி ஊர்களில் சிறு வயதில் இல்லாத இடைவெளி பருவமெய்தும் வாக்கில் திறக்கிறது. ஹார்மோன் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அந்த வயதில் பெண்ணிடம் வீடு என்ன சொல்கிறது என்பதுதான் வேறு. "நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்" என்று கேட்டு வளர்வதும், "இந்த வீடு உன்னுடையது" என்று கேட்டு வளர்வதும் ஒன்றாகாது என்பது என் கணிப்பு.

தாய்வழி என்றால் பெண்ணாட்சி என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காஸிக் குடும்பத்தில் தாய்மாமன் சொல்லுக்கு எடை உண்டு. தர்பார் எனப்படும் ஊர்ச்சபை மரபாக ஆண்களுடையது. மட்டக்களப்புத் தமிழரிடமும் இதைப் பார்க்கலாம். குடி எனப்படும் குலம் தாய்வழி, வீடு மகளுக்கு, ஆனால் கோயில் பொறுப்புகள் ஆண்கள் கையில். எல்லாமே வளர்ப்பு என்று முடித்துவிடவும் வழியில்லை. 76 நாடுகளில் 80,000 பேரிடம் துணிவு, பொறுமை, நம்பிக்கை போன்றவற்றை அளந்து 2018-ல் வெளியான ஆய்வில், செல்வமும் பாலினச் சமத்துவமும் கூடிய நாடுகளில் ஆண், பெண் வேறுபாடு சுருங்கவில்லை, கூடியிருந்தது. ஏன் என்று இன்னும் விவாதம் நடக்கிறது. இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

உங்கள் பள்ளியில் செய்ய முடியும். தலைமையாசிரியர், பெற்றோர் அனுமதி முதலில். ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் தலா 40 பையன்கள், 40 பெண்கள். தலா இருபது பேர் போதாது: இருபதில் பத்துப் பையன்களும் ஐந்து பெண்களும் போட்டியைத் தேர்ந்தால்கூட அது தற்செயலாக இருக்கலாம். நாற்பதில் இருபது, பத்து என்று வந்தால் அப்படித் தள்ளிவிட முடியாது. இரண்டு வாளி, இரண்டு பந்து, மூன்று மீட்டரில் சாக்பீஸ் கோடு. ஒரே நேரத்தில் இருவர், கட்டடத்தின் இரு பக்கமும், இன்னொரு ஆசிரியர் துணையோடு. எதிரில் யார், பையனா பெண்ணா என்று சொல்லவே கூடாது. சொன்னால் பிள்ளை போட்டியைத் தேர்கிறதா, அந்த ஆளைத் தேர்கிறதா என்று தெரியாது. பணம் வேண்டாம். விழுந்த பந்துக்கு ஒரு கடலை மிட்டாய், போட்டியில் ஜெயித்தால் பந்துக்கு மூன்று, தோற்றால் ஒன்றுமில்லை, சமமானால் ஒன்று வீதம்.

எதைத் தேர்கிறார்கள் என்று வீசுவதற்கு முன்பே கேளுங்கள். இரண்டு பந்து விழுந்த பிறகு கேட்டால் பதில் மாறிவிடும். வகுப்பில் கை தூக்கச் சொல்லாதீர்கள், தனியாக அழைத்துக் கேளுங்கள். கிரிக்கெட் பந்துவீச்சு போல இங்கே பையன்களுக்குப் பழகிய விளையாட்டை வைத்தால் முழு உழைப்பும் வீண். வரிசையில் நிற்பவர்கள் முடித்து வருபவர்களோடு பேசினால் செய்தி பரவிவிடும். முடித்தவர்களை வேறு வாசல் வழியே அனுப்புங்கள்.

ஒவ்வொருவருக்கும் மூன்று குறிப்புகள் எழுதுங்கள்: எதைத் தேர்ந்தார், எத்தனை விழுந்தது, வீசுவதற்கு முன் எத்தனை விழும் என்று சொன்னார். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்களின் கணிப்பு, உண்மையில் விழுந்ததைவிடக் குறைவாக இருந்தால், அவர்களுக்குப் போட்டி பிடிக்காமல் இல்லை, தங்கள் கையை நம்பவில்லை. அப்போது மருந்து எளிது: வினாடி வினாவுக்குப் பெயர் கேட்கும் முன் ஒவ்வொருவருக்கும் அவரவர் முந்தைய மதிப்பெண்ணையும் வகுப்புச் சராசரியையும் எழுதிய துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். கணிப்பு சரியாக இருந்தும் ஒதுங்கினால், வீட்டிலும் வகுப்பிலும் ஜெயித்த பெண்ணை என்ன சொல்கிறார்கள் என்று விசாரியுங்கள். முடிவு எதுவானாலும் எழுதுங்கள்.