வானியல் கேள்வி - பதில்: பக்கத்து விண்மீனின் கோள்

செந்தூல் வாசகர்: சூரியனுக்கு மிகப் பக்கத்து விண்மீனைச் சுற்றும் பிராக்ஸிமா பி கோளில் மனிதர் வாழலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, உண்மையா?

'வாழத்தகு மண்டலம்' என்ற சொல் செய்கிற குழப்பம் இது. அது விண்மீனிலிருந்து நீர் உறையாமலும் ஆவியாகாமலும் இருக்கக்கூடிய தூரத்தைப் பற்றிய பேச்சு, அவ்வளவுதான். அந்தக் கோளுக்குக் கிடைக்கும் வெப்பம் பூமிக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய 65 விழுக்காடு. காற்றே இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால் -39 டிகிரி செல்சியஸ் வரும். பூமிக்கும் அதே கணக்கில் -18 தான்; நம்மை 15 டிகிரிக்கு ஏற்றி வைத்திருப்பது காற்று மண்டலம். அங்கே காற்று உண்டா என்பதை இதுவரை யாரும் அளக்கவில்லை. தாய் விண்மீனான பிராக்ஸிமாவோ சீறுகிற சிவப்புக் குள்ளன், அதாவது சூரியனைவிடச் சிறிய, மங்கலான விண்மீன். 2016 மார்ச்சில் ஒரே சீற்றத்தில் 60 மடங்குக்கு மேல் பிரகாசித்தது. கோள் இருப்பதோ சுமார் 73 லட்சம் கி.மீ. தூரத்தில். காற்று இருந்திருந்தாலும் தங்கியிருக்குமா என்பது சந்தேகமே.

புக்கிட் மெர்தாஜம் வாசகி: கண்ணால் பார்க்காத கோளை எப்படி எடை போட்டார்கள்?

விண்மீனின் தள்ளாட்டத்தை வைத்து. கோள் 11.2 நாளுக்கு ஒருமுறை சுற்றும்போது, விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் விநாடிக்குச் சுமார் 1.4 மீட்டர் வேகத்தில் அசைகிறது. நாம் சந்தைக்கு நடக்கிற வேகம். அதை 40 லட்சம் கோடி கி.மீ. தள்ளியிருந்து அளக்க வேண்டும்! சிலியின் லா சில்லா வானாய்வகத்தில் ஹார்ப்ஸ் கருவி ஒளியை நிறங்களாகப் பிரித்து, அதில் தெரியும் கருங்கோடுகளின் நகர்வைப் பார்க்கிறது. கருவி லேசாகச் சூடேறினாலே கோடுகள் தாமாக நகரும். அதனால் அதை வெற்றிடக் கலத்தில் அடைத்து, நூறில் ஒரு டிகிரிக்குள் வெப்பத்தைக் கட்டிவைத்திருக்கிறார்கள். விண்மீனின் கரும்புள்ளிகளும் கோளைப் போலவே ஏமாற்றும். ஆனால் பிராக்ஸிமா தன்னைச் சுற்ற 80 நாளுக்கு மேல் ஆகிறது, 11.2 நாள் தாளம் அதோடு ஒட்டவில்லை. 2016 ஆகஸ்டில் அறிவித்தார்கள்.

கிடைத்தது குறைந்தபட்ச எடைதான்: பூமியைவிடச் சற்றே கூடுதல். சுற்றுப்பாதையின் சாய்வு தெரியாததால் உண்மை எடை இரட்டிப்பாகவும் இருக்கலாம். விட்டமும் தெரியாது. 'பாறைக்கோள்' என்பது நல்ல ஊகம், அளவீடு அல்ல.

பாயான் லெப்பாஸ் வாசகர்: என்னிடம் 6 அங்குலத் தொலைநோக்கி உண்டு. பினாங்கிலிருந்து பார்க்கலாமா?

கோளை முடியாது, விண்மீனைப் பிடிக்கலாம், பாடுபட வேண்டும். ஜூன் கடைசியில் இரவு 9 மணிவாக்கில் தெலுக் கும்பார் போலத் தெற்கே கடல் திறந்த இடத்துக்குப் போங்கள், நிலவில்லாத நாளாக. சிலுவை வடிவ விண்மீன் கூட்டமான தென்சிலுவைக்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் இருக்கும். அவற்றில் இடதுகோடியில் இருப்பது ஆல்ஃபா சென்டாரி, தொடுவானத்திலிருந்து நீட்டிய கையின் மூடிய முஷ்டி இரண்டரை அளவு உயரத்தில். அங்கிருந்து 2.2 டிகிரி, வலப்பக்கம் சாய்வாகக் கீழே பிராக்ஸிமா. ஒளி அளவு 11, அதாவது வெறுங்கண்ணுக்குத் தெரியாத மங்கல். சிவப்பாகத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பலர் தவறுவது வரைபடத்தில். இந்த விண்மீன் ஆண்டுக்கு 3.85 விகலை நகர்கிறது (ஒரு டிகிரியில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை). 2000ஆம் ஆண்டுக்கான ஆயங்களை (வானில் இடம் குறிக்கும் எண்களை) வைத்துத் தேடினால் இப்போது ஒன்றரைக் கலைக்கு மேல் பிசகும், பக்கத்து விண்மீனைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவீர்கள். இன்னொன்று: ஏர்கான் அறையிலிருந்து தொலைநோக்கியை நேரே வெளியே கொண்டு போனால் ஆடி பனித்துவிடும். முக்கால் மணி நேரம் மூடியோடு வெளியில் வையுங்கள்.

அதே வாசகர்: அங்கே போய்ச்சேர எவ்வளவு காலம்?

வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில் சுமார் 75,000 ஆண்டு. அதுவும் அந்தப் பக்கம் போகவில்லை.