இல்லாத 27 பேர்

அன்புள்ள சார்,

உளவு நாவல்கள் என் பழைய பைத்தியம். பாக்கெட் நாவலில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போனேன். இப்போது ஓய்வுபெற்ற உளவு அதிகாரிகளின் நினைவுக்குறிப்புகளை வாங்கிப் படிக்கிறேன். ‘நான் அப்போதே சொன்னேன், மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை’ என்பதுதான் பெரும்பாலும் சாரம். சரி, நாவலே தேவலை என்று ஜான் லெ காரேயின் ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’யை எடுத்தால், ஒருவர் ஓட்டல் அறையில் உட்கார்ந்து ஃபைல் படிக்கிறார், படித்துக்கொண்டே இருக்கிறார். பாதியில் வைத்துவிட்டேன். உண்மையான உளவு வேலை எப்படி இருக்கும் என்று அறிய எதைப் படிப்பது? மூன்று ஒற்றர் சொல்வது ஒத்துவந்தால் நம்பலாம் என்று வள்ளுவர் இரண்டே அடியில் முடித்துவிட்டாரே, அதைத் தாண்டி இவற்றில் என்ன இருக்கிறது?

எம்., கோவில்பட்டி

அன்புள்ள எம்.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘ஒற்றொற் றுணராமை ஆள்க உடன்மூவர் சொல்தொக்க தேறப் படும்’ என்பது குறள். ஓர் ஒற்றனை மற்றவன் அறியக் கூடாது, மூவர் சொல்லும் ஒத்துவர வேண்டும். இந்த இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவந்தும் ஏமாந்த உளவுத்துறை ஒன்று உண்டு: இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் ஆப்வேர்.

ஹுவான் புஜோல் பார்சிலோனாக்காரர். நாஜிகளை அறவே பிடிக்காது. உளவாளியாகிறேன் என்று பிரிட்டிஷாரிடம் போனார், திருப்பி அனுப்பினார்கள். உடனே ஜெர்மானியரிடம் போய்ச் சேர்ந்துகொண்டார். அவர்கள் இங்கிலாந்துக்குப் போகச் சொன்னார்கள், இவர் போனது போர்ச்சுக்கலின் லிஸ்பனுக்கு. ஒரு சுற்றுலாக் கையேடு, வரைபடம், ரயில் அட்டவணை இவற்றை வைத்துக்கொண்டு ‘லண்டனிலிருந்து’ அறிக்கை எழுதினார். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. அதனால் செலவை இனம் இனமாக எழுதிவிட்டு, கூட்டுத்தொகை பிறகு அனுப்புகிறேன் என்று விட்டுவிட்டார். கிளாஸ்கோ ஆட்கள் ஒரு லிட்டர் ஒயினுக்கு எதையும் செய்வார்கள் என்றும் எழுதினார். விஸ்கி குடிக்கும் ஸ்காட்லாந்தில்! யாரும் சந்தேகப்படவில்லை.

1942இல் பிரிட்டிஷாரே அவரை லண்டனுக்கு அழைத்துக்கொண்டார்கள். சங்கேதப் பெயர் கார்போ. தொழில் பெருகி, அவருக்குக் கீழே 27 உளவாளிகள் சேர்ந்தார்கள். ஒருவரும் தாய் வயிற்றில் பிறந்தவர் இல்லை. லிவர்பூலில் ‘இருந்தவர்’ அங்கே கூடும் கப்பற்படையைப் பற்றி எழுதியாக வேண்டிய கட்டம் வந்தபோது, அவரை நோயில் படுக்கவைத்துச் சாகடித்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் மரண அறிவிப்புகூட வந்தது. ஜெர்மானியர் விதவைக்கு உதவித்தொகை கொடுத்தார்கள்.

ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்தான் அத்தனை பேரும். சொன்னதும் ஒத்துவந்தது. எழுதியது ஒரே மேசையில் அல்லவா, ஒத்துவராமல் எங்கே போகும்? பிரான்சின் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய மூன்றாம் நாள், 1944 ஜூன் 9 அன்று, ‘இது வெறும் பாவலா, பெரிய தாக்குதல் கலே துறைமுகம் பக்கம் வரும்’ என்று கார்போ செய்தி அனுப்பினார். வாராத தாக்குதலுக்காக ஜெர்மன் படைகள் அங்கே வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. அந்த ஆண்டே ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவைப் பதக்கம் வழங்கியது, பிரிட்டன் எம்.பி.இ. விருது கொடுத்தது.

அந்தப் போரின்போது பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறையான எம்ஐ6இல் போர்ச்சுக்கல் விவகாரங்களைப் பார்த்தவர்களில் ஒருவர் நாவலாசிரியர் கிரஹாம் கிரீன். லிஸ்பனில் இப்படி அறிக்கை தயாரித்துக் காசு பார்த்தவர்களின் கதைகள் அவருக்கு அத்துப்படி. 1958இல் வந்த அவருடைய ‘அவர் மேன் இன் ஹவானா’வில் வாக்வம் கிளீனர் விற்கும் ஒருவர், அதன் பாகங்களை வரைந்து, மலைக்காட்டில் கட்டப்படும் ரகசிய ஆயுதம் என்று லண்டனுக்கு அனுப்புகிறார். அது வாக்வம் கிளீனர் மாதிரி இருப்பது தலைவருக்கே தெரிகிறது. அதனால் அவர் பயம் கூடுகிறதே தவிர, சந்தேகம் வருவதில்லை.

நகைச்சுவை நாவல்தானே என்று தள்ளிவிட முடியாது. 2003 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஈராக்கின் நடமாடும் கிருமி ஆயுதக்கூடங்கள் என்று லாரிகளின் வரைபடங்களைக் காட்டினார். நான்கு சாட்சிகள் உண்டு என்றார், வள்ளுவர் கேட்டதைவிட ஒன்று அதிகம். முக்கிய சாட்சி, ஜெர்மனியில் தஞ்சம் கேட்டிருந்த ஓர் ஈராக்கியர். நான் சொன்னது பொய் என்று 2011இல் அவரே சொல்லிவிட்டார்.

இன்னொரு வேடிக்கை. எம்ஐ6இல் கிரீனின் மேலதிகாரி கிம் ஃபில்பி. அவர் சோவியத்தின் ஆள். ஃபில்பியும் கூட்டாளிகளும் அள்ளி அள்ளி அனுப்பியது அசல் ரகசியம். ஆனால் பிரிட்டன் மாஸ்கோவுக்குள் உளவாளிகளை வைத்திருக்கவில்லை என்று அவர்கள் சொன்னதை மாஸ்கோவால் ஜீரணிக்க முடியவில்லை. 1943இல் அவர்களை இரட்டை ஏஜெண்டுகள் என்றே முடிவுகட்டி, வேவு பார்க்க லண்டனுக்கு ஒரு குழுவை அனுப்பியது. அந்தக் குழுவில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது.

அதனால் உளவு நூல் எதை எடுத்தாலும், தகவலைக் கொண்டுவருகிறவனைவிட அதை வாங்கிப் படிக்கிறவனை எழுதியிருக்கிறார்களா என்றுதான் நான் பார்ப்பேன். அதிகாரிகளின் நூல்கள் உங்களுக்குச் சலித்ததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு பொய் அறிக்கையை நம்பி நான் கையெழுத்துப் போட்டேன் என்று எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்? நம் ‘ரா’வைப் பற்றி பி. ராமன் 2007இல் எழுதிய ‘காவ்பாய்ஸ்’ நூல், துறையின் பெருமையோடு சறுக்கல்களையும் பேசும், அதைப் படிக்கலாம். இனி அப்படி வருவது கஷ்டம். உளவுத்துறையில் இருந்து ஓய்வுபெற்றவர் துறை சார்ந்து எழுத முன்அனுமதி வேண்டும், மீறினால் பென்ஷனில் கைவைப்பார்கள் என்று 2021இல் மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது.

லெ காரே உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5, எம்ஐ6 இரண்டிலும் வேலை பார்த்தவர். ஓட்டல் அறையில் நீங்கள் பார்த்த அவருடைய நாயகன் ஸ்மைலி ஏன் ஃபைல் படிக்கிறார் என்றால், வேலையே அதுதான். இரவுப் பணியாளர் வந்த செய்திகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் சில பக்கங்களைக் காணவில்லை என்று தெரியவரும் இடம் ஒன்று வரும். துப்பாக்கிச் சண்டையெல்லாம் அதன் முன் ஒன்றுமே இல்லை. அதைத் தாண்டித்தான் புத்தகத்தை மூடினீர்களா? யார் துரோகி என்று நான் சொல்லப்போவதில்லை. கிரீனின் நாவல் சின்னது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள், முதல் பக்கத்திலிருந்தே.