வீட்டை அடமானம் வைக்கும் முன் ஒரு வார்த்தை

உங்கள் மகள் சிவில் இன்ஜினியரிங் கடைசி ஆண்டில் இருக்கிறாள். சாலை போடுவதைவிட, அதற்கு யார் பணம் போட்டார்கள், வண்டிகள் குறைந்தால் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதில்தான் அவளுக்கு நாட்டம். வளரும் நாடுகளில் அரசு-தனியார் கூட்டுத் திட்டங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். உறவினர்களோ வெளிநாட்டு எம்பிஏவுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். வீட்டை அடமானம் வைக்கவும் யோசிக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் உறவினர்கள் சொல்வது தவறு. கடனைக் கட்டப்போவது அவர்கள் இல்லை.

எம்பிஏ, ஐடி வேலை பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் மகள் கேட்டதைப் பற்றியே பேசுகிறேன்.

இது ஏட்டுப் படிப்பு அல்ல. ஹோசே லூயிஸ் குவாஷ் என்ற ஆய்வாளர், 1980களின் நடுவிலிருந்து 2000 வரை லத்தீன் அமெரிக்காவிலும் கரீபியனிலும் போடப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்கட்டமைப்பு ஒப்பந்தங்களை எடுத்து அலசினார். தண்ணீர்த் துறையில் ஏறக்குறைய நான்கில் மூன்று ஒப்பந்தங்கள் பாதியில் திருத்தி எழுதப்பட்டிருந்தன. எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தாலும், திருத்தம் வந்தது சராசரியாக இரண்டே சொச்சம் ஆண்டுகளில்! குறைந்த தொகை காட்டி டெண்டரைப் பிடிப்பது, பிறகு அரசைப் பேச்சுவார்த்தைக்கு இழுப்பது என்ற சூட்சுமம் பல இடங்களில் நடந்திருப்பதை இப்படி எண்ணிப் பார்த்ததால்தான் அடித்துப் பேச முடிந்தது. பொலிவியாவின் கொச்சபாம்பா நகரில் தண்ணீர் விநியோகம் தனியார் கைக்குப் போனதும் கட்டணம் எகிறி, மக்கள் தெருவில் இறங்கி, 2000இல் ஒப்பந்தமே ரத்தானது. கணக்கில் பிசகினால் விலை கொடுப்பது ஊர்தான்.

மாற்றுவழி சொல்வதும் ஆராய்ச்சிதான். சிலியில் எங்கெல், ஃபிஷர், கலெட்டோவிக் என்ற மூவர் ஒரு ஏலமுறையை முன்வைத்தார்கள். இத்தனை ஆண்டு டோல் வசூலித்துக்கொள் என்று அரசு காலக்கெடு வைக்காது. மொத்தமாக எவ்வளவு வருமானம் போதும், அதுவும் பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிட்டு, என்று நிறுவனங்கள் கேட்க வேண்டும். குறைவாகக் கேட்டவருக்குச் சாலை. அந்தத் தொகை வசூலானதும் ஒப்பந்தம் முடிந்துவிடும். வண்டிகள் குறைந்தால் காலம் தானாக நீளும், அதிகமானால் சுருங்கும். பேரம் பேச வேண்டிய காரணமே பெருமளவு குறைந்துவிடுகிறது. சாந்தியாகோ–வால்பரைசோ நெடுஞ்சாலை 1998இல் இப்படித்தான் ஏலம் போனது. இந்த மாதிரிக் கணக்கைப் பார்த்து உங்கள் மகளின் கண் விரிகிறதா, கொட்டாவி வருகிறதா என்று கவனியுங்கள். எந்தத் திறனறித் தேர்வையும்விட அது தெளிவாகச் சொல்லிவிடும்.

படிப்பு என்று பார்த்தால் பொருளியலில் முதுகலை, அதில் ஒப்பந்தக் கோட்பாடும் புள்ளியியலும் கட்டாயம், பிறகு முனைவர் பட்டம். ஸ்பானிஷ் கற்றுக்கொள்வது கூடுதல் பலம்; இத்துறையின் நல்ல ஆவணங்களில் பல அந்த மொழியில்தான் கிடக்கின்றன. வேலை பல்கலைக்கழகங்களில் மட்டும் அல்ல. வளர்ச்சி வங்கிகள், நிதி அமைச்சகங்களின் அரசு-தனியார் கூட்டுத் திட்டப் (பிபிபி) பிரிவுகள், கட்டண ஒழுங்குமுறை ஆணையங்கள், கடன் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இப்படிப்பட்டவர்களுக்கு இடம் உண்டு. ஆனால் இடங்கள் குறைவு, நிலைபெற வயது முப்பதைத் தாண்டும். அதை மறைக்க மாட்டேன்.

பண விஷயத்தில் மட்டும் நான் கறார். கட்டண விலக்கும் உதவித்தொகையும் தராத முனைவர் இடத்தை, எவ்வளவு பெரிய பெயர் என்றாலும் ஏற்க வேண்டாம். முதுகலைக்கும் வீட்டுப் பத்திரம் வெளியே போகக் கூடாது.

அதற்கு முன் அவள் ஒரு வேலை செய்யட்டும். வளரும் நாடுகளில் தனியார் பணம் வந்த உள்கட்டமைப்புத் திட்டங்களை 1990 முதல் தொகுத்து உலக வங்கி ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது; இலவசம். அதில் ஒரு நாட்டையும் ஒரு துறையையும் பிடித்து, ரத்தான திட்டங்களை மட்டும் பிரித்து, ஏன் ரத்தாயின என்று பத்துப் பக்கம் எழுதட்டும். அந்தப் பத்துப் பக்கத்தை இணைத்துப் பேராசிரியர்களுக்கு அஞ்சல் போடச் சொல்லுங்கள். பதில் வரும்வரை கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.