பில் கட்டிவிட்டால் மென்பொருள் நம்முடையதாகிவிடுமா?

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் சிறு கம்பெனி நடத்துகிறேன். மோட்டாரைக் கைபேசியிலிருந்தே இயக்கும் கருவிக்கு ஓர் இன்ஜினியர் 3 வருடமாக மென்பொருள் எழுதித் தருகிறார். தினமும் கம்பெனிக்கு வருவார்; சம்பளம் கிடையாது, மாதாமாதம் பில் கொடுப்பார். வெளிநாட்டு ஆர்டர் வந்திருப்பதால் இன்னும் இரண்டு பேர் வேண்டும். நிரந்தரமாக எடுப்பதா, இவரைப் போல வெளியாளாக வைத்துக்கொள்வதா? வெளியாள் என்றால் பி.எஃப்., கிராஜுவிட்டி இல்லை என்கிறார்கள்.

பதில்: பி.எஃப். செலவை விட, அந்த மென்பொருள் யாருக்குச் சொந்தம் என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதும் நிரல், வேறு உடன்பாடு இல்லாதவரை, முதலாளிக்குச் சொந்தம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. வெளியாள் எழுதினால் உரிமை அவருக்கே. நீங்கள் பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் அது கைமாறாது. அவர் கையெழுத்திட்ட உரிமை மாற்ற ஆவணம் வேண்டும். அதில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது 19-வது பிரிவு. ஏற்றுமதிக்குப் போகும் நீங்கள் இந்த இரண்டு வரியை விட்டுவிடவே கூடாது.

இப்போது இருப்பவர் விஷயம் சிக்கலானது. பில் கொடுக்கிறார், அதில் வருமான வரி (டி.டி.எஸ்.) பிடிக்கிறோம் என்பதோடு நீதிமன்றம் நிற்காது. வேலைக்கு வைத்தது யார், பணம் தருவது யார், நீக்கும் அதிகாரம் யாரிடம், அன்றாடம் மேற்பார்ப்பது யார் என்று பார்க்கும். தினமும் வந்து நீங்கள் சொன்னதைச் செய்கிறவர் ஊழியர்தான் என்று தீர்ப்பானால் பி.எஃப். பாக்கி, வட்டி எல்லாம் உங்கள் தலையில் விழலாம். பி.எஃப். அலுவலகத்தில் 'வெளியாள்' என்று சொல்லிவிட்டு, மென்பொருள் வழக்கில் 'எங்கள் ஊழியர்' என்று வாதாட முடியாது.

என் யோசனை: கருவியின் மூல நிரலை (சோர்ஸ் கோடு) கையாளும் ஒருவரையாவது நிரந்தரமாக எடுங்கள். அதுதான் உங்கள் கம்பெனியின் உயிர்நாடி. சர்க்யூட் போர்டு வடிவமைப்பு போல, தொடங்கி முடிந்துவிடும் வேலையை வெளியே கொடுக்கலாம். அவர் தன் இடத்தில், தன் கருவிகளோடு, முடித்த வேலைக்குப் பணம் வாங்கட்டும்.

நிரந்தர ஊழியர் நாளை போட்டிக் கம்பெனிக்குப் போவதைத் தடுக்க ஒப்பந்தம் போடலாம் என்று எண்ணாதீர்கள். ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவின்படி அது செல்லாது. தொழில் ரகசியத்தை வெளியிடக்கூடாது என்ற நிபந்தனை செல்லும்.

முதல் வேலையாக, இந்த 3 வருட நிரலுக்கும் உரிமை மாற்ற ஆவணம் எழுதி வாங்குங்கள். ஆர்டர் பெரிதான பிறகு கேட்டால் அவர் விலை பேசுவார். உறவு நன்றாக இருக்கும் இப்போதே, அதற்கென்று நியாயமான ஒரு தொகை கொடுத்துக் கேளுங்கள்.