கரையோர மெக்கானிக் பதில்கள்: வாளிக்குள் 12 வால்வு

கேள்வி: மீன்பிடித் தடைக்காலமாச்சே என்று 6 சிலிண்டர் எஞ்சினின் ஹெட்டை (மேல்மூடியை) இறக்கினோம். மச்சான் மகன் வால்வுகளைக் கழற்றி, 12-யும் ஒரே வாளி டீசலில் ஊறப் போட்டுவிட்டான். எது எந்த ஓட்டையில் இருந்தது என்று தெரியவில்லை. மாற்றி மாட்டினால் ஓடாதா?
— விசைப்படகு வாசகர், மண்டபம்

பதில்: ஓடும். தடை முடிந்து ஜூன் 15 காலையில் ஸ்டார்ட்கூட ஆகும். அப்புறம் புகை கக்கினால் என்னைத் திட்டாதீர்கள். வால்வும் அது உட்காரும் வளையமான சீட்டும் வருஷக்கணக்கில் தட்டித் தட்டி ஒன்றுக்கொன்று பழகியவை. பள்ளிவாசல் படியில் செருப்பு மாறிப்போன கதைதான். அளவு சரி, கால் ஒப்பாது.

பெரிய தலை காற்று உள்ளே வரும் இன்லெட், சிறியது புகை வெளியேறும் எக்ஸாஸ்ட். முதலில் அப்படிப் பிரியுங்கள். தண்டின் நுனி அடிபட்டுப் பூத்திருந்தால் மெல்ல அரம் போடுங்கள். அப்படியே நுழைத்தால் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடைக் கீறும். ஒவ்வொரு கைடிலும் விட்டு ஆட்டிப் பாருங்கள். எதில் போட்டாலும் தொளதொளவென்று ஆடினால் கைடு போய்விட்டது, லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள்.

ஆடாமல் பொருந்தினால் கிரைண்டிங் பேஸ்ட்டைச் சீட் படும் விளிம்பில் மட்டும் மெலிதாகத் தடவி, வால்வுத் தலையில் ஒட்டிய ரப்பர் கப் குச்சியை மோர் கடைகிற மாதிரி உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். நாலு உருட்டுக்கு ஒருமுறை தூக்கி, கொஞ்சம் திருப்பி வையுங்கள். சுற்றிலும் அறுபடாத சாம்பல் வளையம் வந்ததும் நிறுத்துங்கள். ஆசையாய்த் தேய்த்துக்கொண்டே இருந்தால் வால்வு உள்ளே இறங்கிக் கம்ப்ரஷன் குறையும். புது வால்வு போட்டாலோ வேறு வம்பு: தலை வெளியே துருத்தினால் பிஸ்டன் இடிக்கும். இரண்டுக்கும் அளவு எஞ்சின் புத்தகத்தில் இருக்கிறது.

பேஸ்ட்டை மண்ணெண்ணெயில் ஒரு பொட்டு விடாமல் கழுவுங்கள். தண்டில் எண்ணெய் தடவி, புது சீல் போட்டு, ஸ்பிரிங்கை அமுக்கி, அதைத் தண்டோடு பிடித்து வைக்கும் இரண்டு அரைத்துண்டு லாக்கை வையுங்கள். இந்த இடத்தில் மேலே ஒரு துணி கிடக்கட்டும். தொண்டியில் வேலை பழகும்போது நான் போடவில்லை. 'டிங்' என்று அரை லாக் மணலில் பாய்ந்தது. ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டிச் சாயங்காலம் வரை இழுத்தேன். கிடைத்தது இரண்டு தூண்டில் முள், ஒரு ஆணி.

மாட்டியபின் தண்டு நுனியில் மரச்சுத்தியால் ஒரு தட்டு. லாக் சரியாக உட்காராவிட்டால் அப்போதே தெரியும். பிறகு ஹெட்டைச் சாய்த்து, போர்ட்டுக்குள் (காற்றும் புகையும் போகும் வழிக்குள்) மண்ணெண்ணெய் ஊற்றி, வால்வு முகத்தைத் துடைத்துவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். ஈரம் கசிந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி கழற்றுங்கள்.

அடுத்த தடவை ஒரு அட்டையில் 12 ஓட்டை போட்டு நம்பர் எழுதிப் பையன் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: டேப்பட் கேப் (வால்வுத் தண்டு நுனிக்கு மேலே விடும் இடைவெளி) எவ்வளவு வைக்க?
— வாசகர், பாம்பன்

பதில்: எஞ்சின் பெயரை எழுதவில்லையே! மருந்துக்கடையில் போய் "ஒரு மாத்திரை" என்று மட்டும் கேட்பீர்களா? இன்லெட்டுக்கு ஒன்று, எக்ஸாஸ்ட்டுக்கு ஒன்று என்றுகூட இருக்கும். சூட்டிலா, ஆறியபிறகா என்பதும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். பெயரும் மாடலும் எழுதுங்கள்.