அட்டையைத் திருப்பி ஆண்டைப் பாருங்கள்

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்யும் மென்பொருள்களைப் புத்தகம் வைத்துக் கற்க நினைப்பவர்களின் கேள்விகள் இந்த முறை.

கேள்வி: வணக்கம் ஐயா. தஞ்சாவூரில் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். வெளியூர் போய்விட்ட மாணவிகளுக்குப் பாடத்தைப் பதிவு செய்து அனுப்ப ஆசை. 56 வயதில் வீடியோ பார்த்துக் கற்பது எனக்குக் கைவரவில்லை; சொல்பவர் நாலு இடத்தில் கிளிக் செய்து முடித்துவிடுகிறார், நான் முதல் இடத்தையே தேடிக்கொண்டிருக்கிறேன். புத்தகம் என்றால் படித்துவிடுவேன். புரோ டூல்ஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளுக்கான வழிகாட்டிப் புத்தகம் ஒன்று 2,900 ரூபாய் என்றார்கள். மகன் விட்டுப்போன விண்டோஸ் மடிக்கணினி இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: புத்தகம் வைத்துக் கற்கலாம் அம்மா. அந்தப் புத்தகத்தை மட்டும் இப்போது வாங்காதீர்கள்.

முதலில், உங்கள் எண்ணம் ஏன் சரி என்று சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டிங் மென்பொருள் திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அதே திரையில் வீடியோவையும் ஓடவிட்டால் இரண்டும் பாதி பாதிதான் தெரியும். பக்கத்தில் விரித்து வைத்த புத்தகத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. தப்பு வந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டால் மறுநாள் அங்கிருந்தே தொடரலாம். பாட்டு நோட்டு வைத்துக் கற்றவர் நீங்கள். இந்தப் பழக்கம் உங்களுக்குப் புதிதல்ல.

ஆனால் இந்த வகைப் புத்தகம் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று ஒலியைப் பற்றியது: மைக்கை எங்கே வைப்பது, அளவு எவ்வளவு ஏறலாம், அறையின் எதிரொலியை என்ன செய்வது. இருபது வருடம் ஆனாலும் இது கெட்டுப்போகாது. இன்னொன்று மெனுவைப் பற்றியது: எதைத் திறந்து எதை அழுத்துவது. இது மென்பொருளின் அடுத்த பதிப்போடு பழசாகிவிடும். நீங்கள் கேட்கும் புரோ டூல்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் 9ஆம் பதிப்பு வரும்வரை, அதைத் தயாரித்த கம்பெனியும் அதன் துணை நிறுவனமும் விற்ற ஒலிப்பெட்டியைக் கணினியில் செருகினால்தான் அது வேலை செய்தது. அதற்கு முந்தைய புத்தகம் ஒன்றை நம்பினால் தேவையே இல்லாத பெட்டியைத் தேடி அலைவீர்கள். கியூபேஸ் என்ற இன்னொரு மென்பொருளின் 11ஆம் பதிப்பு வரைக்குமான புத்தகங்கள் யூ.எஸ்.பி. சாவி ஒன்றைச் செருகச் சொல்லும்; 2022இல் வந்த 12ஆம் பதிப்பில் அந்தச் சாவி போய்விட்டது. இன்னும் மோசம் சோனார் என்ற மென்பொருளுக்கு நடந்தது. 2017 நவம்பரில் அதை வைத்திருந்த கிப்சன் நிறுவனம் அதன் தயாரிப்பையே நிறுத்தியது. மறு வருடம் பேண்ட்லேப் என்ற நிறுவனம் வாங்கி வேறு பெயரில் இலவசமாகக் கொடுத்தது. கிப்சன் நிறுத்துவதற்கு முந்தின மாதம் சோனார் புத்தகம் வாங்கியவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அதனால் கடையில் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முன்னட்டையை நம்ப வேண்டாம். உள்ளே திருப்பிப் பதிப்புரிமைப் பக்கத்தில் ஆண்டையும், எந்தப் பதிப்பு மென்பொருளுக்கு எழுதியது என்பதையும் பாருங்கள்.

உங்கள் தேவைக்குப் புரோ டூல்ஸ் அதிகம். வீணை மட்டும், ஒரே மைக் என்றால் ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும், அது இலவசம். நீங்கள் பாடிக்கொண்டே வாசித்து, குரலையும் வீணையையும் தனித்தனி டிராக்கில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் ரீப்பர் என்ற மென்பொருள் என் தேர்வு. 60 நாள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு தனிநபருக்கான உரிமம் 60 டாலர், அதாவது 5,000 ரூபாய் சொச்சம். 400 பக்கத்துக்கு மேல் உள்ள அதன் வழிகாட்டியைத் தயாரிப்பாளர்களே தங்கள் தளத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். மென்பொருள் மாற மாற அதையும் திருத்துகிறார்கள். அதில் ஆடியோ அமைப்பு, டிராக் சேர்ப்பது, பதிவது, வெட்டி ஒட்டுவது, கோப்பாக வெளியே எடுப்பது ஆகிய பகுதிகளை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் 2,900 ரூபாய் நல்ல மைக்குக்கும் மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிக்கும் வைத்திருக்கும் பணத்தோடு சேரட்டும். கண்டென்சர் என்ற வகை மைக் வாங்கினால் இன்டர்ஃபேஸில் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தான் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் அந்த வகை மைக்குகளில் பெரும்பாலானவை பேசாது.

இனி, மேல்நாட்டு இசைக்காக எழுதிய வழிகாட்டிகளில் நீங்கள் எதிர்பார்க்கக் கூடாதவை. இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை திறந்தவுடன் நிமிடத்துக்கு 120 தட்டு, நாலுக்கு நாலு என்று கணக்குப் போட்டுக் கட்டம் கட்டி நிற்கும். ஆதி தாளத்துக்கு அப்படி இரண்டு கட்டம் ஓர் ஆவர்த்தனம் என்று சமாளிக்கலாம். மிஸ்ர சாபுக்கு ஏழுக்கு எட்டு என்று மாற்ற வேண்டும். ஆலாபனைக்கும் தானத்துக்கும் கட்டமே ஆகாது. வெட்டும்போது துண்டைக் கட்டத்தின் கோட்டுக்கு இழுத்து ஒட்டும் ‘ஸ்நாப்’ வசதியை அணைத்துவிடுங்கள். அணைக்காமல் இரண்டு பிரயோகங்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, கை தடுமாறிவிட்டதோ என்று நீங்கள் உங்களையே சந்தேகப்படுவீர்கள். சுருதியைத் தானாகத் திருத்தும் கருவிகளைத் தொடவே வேண்டாம். அவை பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தப் பார்ப்பவை. தோடியில் காந்தாரம் அசைவதை அவை பிழை என்று எண்ணி நேராக்கிவிடும். அப்புறம் அது தோடியே இல்லை.

பதிவாகும் ஒலியின் அளவைப் பொறுத்தவரை, ஓங்கி மீட்டும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 24 பிட்டில் பதிந்தால் குறைவாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், மீட்டரின் உச்சமான பூஜ்யத்தை முட்டி உடைந்ததைச் சரி செய்ய வழி இல்லை. ஹெட்போனில் உங்கள் வீணையே சற்றுப் பிந்திக் கேட்டால் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்து வைத்துக் கையாளுகிறது என்பதை, மென்பொருளின் ஆடியோ அமைப்பில் குறையுங்கள். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும்போது, பஃபர் 1,024 மாதிரி என்றால் ஒலி உள்ளே வரவே சுமார் 21 மில்லி விநாடி. 256 என்றால் ஐந்து சொச்சம்தான். மடிக்கணினி பழசு என்பதால் ரொம்பவும் குறைத்தால் படபடவென்று வெடிக்கும். அப்போது ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணன் படித்து முடித்த லாஜிக் புரோ புத்தகம் என்னிடம் இருக்கிறது. அதை வைத்து என் விண்டோஸ் கணினியில் கற்க முடியுமா?

பதில்: முடியாது தம்பி. ஆப்பிள் 2002இல் லாஜிக்கை வாங்கியதும் விண்டோஸுக்கு அதைத் தயாரிப்பதை விட்டுவிட்டது. யாராவது விண்டோஸ் லாஜிக் என்று தரவிறக்கச் சுட்டி கொடுத்தால் தொடாதீர்கள். புத்தகத்தில் ஒலிக் கலவை (மிக்சிங்) பற்றிய அத்தியாயம் இருந்தால் அதை மட்டும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மதுரையில் கல்லூரியில் படிக்கிறேன். கியூபேஸ் புத்தகத்தின் புதிய பதிப்பு என்று படத்தோடு இணையத்தில் போட்டிருந்ததை நம்பி 1,850 ரூபாய் கட்டினேன். வந்தது இரண்டு பதிப்புக்கு முந்தைய புத்தகம். உறையைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள்.

பதில்: உறையைப் பிரிக்காமல் உள்ளே எந்தப் பதிப்பு என்று எப்படித் தெரியும்? அந்தச் சாக்கை ஏற்காதீர்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது.

இன்றே மூன்று படம் எடுத்து வையுங்கள்: அவர்கள் போட்டிருந்த விளம்பரப் பக்கம், உங்கள் கைக்கு வந்த அட்டை, உள்ளே இருக்கும் பதிப்புரிமைப் பக்கம். விளம்பரத்தை அவர்கள் எந்த நேரமும் மாற்றலாம் என்பதால் அதை முதலில் எடுங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். வாடிக்கையாளர் சேவையில் அரட்டை அடித்தது புகார் ஆகாது. அந்த அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்தில் வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. 1,850 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று தோன்றும். குறைதீர் அலுவலருக்குப் போகும் கடிதத்தில் இந்த விதியைக் குறிப்பிட்டுவிடுங்கள், பாதி அலைச்சல் அங்கேயே குறைய வாய்ப்பு உண்டு.

கேள்வி: திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் 150 ரூபாய்க்கு வீட்டு ரெக்கார்டிங் பற்றிய கனமான புத்தகம் பார்த்தேன். பின்னட்டையில் ஒரு டி.வி.டி.யும் ஒட்டியிருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: பொருளடக்கத்தைப் பாருங்கள். மைக், அறை, ஈக்வலைசர், கம்ப்ரெசர் என்று பாதிக்கு மேல் போனால் உடனே எடுங்கள். ஒரு மென்பொருளின் மெனுக்கள்தான் பெரும்பகுதி என்றால் 150 ரூபாயும் வீண். டி.வி.டி.க்கு விலை வைத்து வாங்காதீர்கள். உங்கள் கணினியில் அதைப் போட இடமே இல்லாமல் இருக்கலாம். அதில் உள்ள சோதனை மென்பொருளும் இன்றைய கணினியில் ஏறுவது கடினம். ஒலி மாதிரிகள் இருந்தால் மட்டும் பயன்படும். இணையத்தில் தரவிறக்கக் குறியீடு தரும் புத்தகமாக இருந்தால், முதல் சொந்தக்காரர் அதைச் சுரண்டியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 3,500 ரூபாய் புத்தகத்தின் பி.டி.எஃப். நண்பர்கள் குழுவில் சுற்றுகிறது. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தால் 600 ரூபாய்தான். தப்பா?

பதில்: தப்புதான். பதிப்புரிமை மீறல். பாட்டுப் போட்டு நாளை நீங்களும் உரிமைத்தொகை எதிர்பார்க்கப் போகிறவர். அந்தப் புத்தகம் எழுதியவரும் அப்படித்தான்.

அதற்குத் தேவையும் இல்லை. கியூபேஸ், ஏபிள்டன் லைவ், புரோ டூல்ஸ், லாஜிக் எல்லாவற்றுக்கும் தயாரிப்பாளரின் கையேடு அவரவர் தளத்திலேயே இலவசம். கடையில் விற்கும் வழிகாட்டிகளில் சில அந்தக் கையேட்டையே வேறு வாக்கியத்தில் சொல்பவை. காசு கொடுத்து வாங்கும் புத்தகத்தில் கையேட்டில் இல்லாத ஒன்று இருக்க வேண்டும்: முதல் பக்கத்தில் தொடங்கி ஒரு பாட்டைப் பதிந்து முடிக்கும்வரை கையைப் பிடித்து அழைத்துப்போகும் பயிற்சி. அது இருந்தால் 3,500 கொடுங்கள். இல்லாவிட்டால் கையேட்டில் உங்களுக்கு வேண்டிய அத்தியாயங்களையும் குறுக்குவிசைப் பட்டியலையும் மட்டும் அச்செடுத்து ஸ்பைரல் போடுங்கள். சாதாரண பைண்டிங் வேண்டாம், விரித்து வைத்தால் மூடிக்கொள்ளும். உங்கள் இரண்டு கையும் கீபோர்டில் இருக்க வேண்டும்.